வாத்தியார் தெளியவைத்த தண்ணீர்

"படிகாரக் கல்லை ரெண்டு சுத்து... அப்புறம் கையை..." என்று, தண்ணீர் தெளியவைக்கும்போது மடத்தின் பழைய சாமி ஏதோ சொல்வார். மீதி சிவக்கொழுந்துக்கு நினைவில்லை.

வேதியியல் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர் சிவக்கொழுந்து. நிர்வாகம் அவர் கைக்கு வந்த மூன்று மாதத்தில் தோட்டக்காரர் போய்விட்டார், பூக்கட்டுகிறவள் போய்விட்டாள். இப்போது சமையற்காரர் மாசிலாமணியின் முறை.

"படையலுக்கு முன்னாடியே ஒரு தூக்குச் சோறு அவர் வீட்டுக்குப் போகுது சாமி. சம்சாரம் படுக்கையில கிடக்கு, தெரியும். ஆனா கேட்டா, இல்லைன்னு பச்சைப் பொய். நாளையோட அவரை வேலையை விட்டு நிறுத்திடலாமா?"

இப்போதைய சாமி சிவக்கொழுந்தைவிடப் பத்து வயது இளையவர். காலையில் தலை மழித்தபோது பட்ட கீறலைத் தடவிக்கொண்டார். அதில் ரத்தத்தை நிறுத்தியதும் அதே படிகாரக் கல்தான்.

"தாகமா இருக்கு வாத்தியாரே. முதல்ல தண்ணியைத் தெளியவையுங்க."

ஆற்றில் புதுவெள்ளம். குடத்துத் தண்ணீர் செம்மண்ணாக இருந்தது. சிவக்கொழுந்து படிகாரக் கட்டியை உள்ளே விட்டுச் சுழற்றினார். அரைமணி நேரத்தில் தெளிந்தது. ஒரு டம்ளர் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு துகள் மிதந்தன. மறுபடி சுழற்றினார். பிறகு இன்னொரு தடவை.

சாமி ஒரு வாய் குடித்தார். முகம் கோணிப்போயிற்று.

"கண்ணாடி மாதிரி இருக்கு. நீங்களும் குடிங்க."

சிவக்கொழுந்து குடித்தார். வாயெல்லாம் துவர்ப்பு. ஓடிப்போய்த் துப்பினார்.

"பசங்களுக்கு நீங்க நடத்தின பாடம்தானே?"

"அளவு தெரியும் சாமி. ரெண்டு துகள் கிடந்தது, மனசு கேக்கலை."

சாமி அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். காலையிலேயே தெளியவைத்த பானையை மாசிலாமணி அலுங்காமல் தூக்கிவந்து வைத்தார். மேலாக மொண்டு நீட்டினார்.

"எத்தனை சுத்து விட்டே?"

"ரெண்டுதான் சாமி. அப்புறம் கையை எடுத்துட்டேன்." பக்கத்துக் குடத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார் மாசிலாமணி. "இது யாரு வச்சது? இவ்வளவு படிகாரத்துல ஆட்டுத்தோலைத்தான் பதம் போடலாம்!"

சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

சாமி முழு டம்ளரையும் குடித்துவிட்டு, இன்னொன்று மொண்டார். சிவக்கொழுந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அடியில இவ்வளவு வண்டல் கிடக்குதே சாமி!"

"கிடக்கட்டும். அதை நான் குடிக்கலையே."



மறுநாள், படையலுக்கு முன்பே, மாசிலாமணியின் தூக்கில் சிவக்கொழுந்து தானே சோறு போட்டு மூடிவைத்தார்.