நரியோடைத் தாலுகாவின் கடைசிக் கல்

1974 மே 14, காலை பத்து மணி. பழைய தாலுகாவிலிருந்து முப்பத்தேழு கிராமங்களைப் பிரித்து நரியோடை என்ற புதிய தாலுகா உருவாக இருந்தது. எல்லைக் கற்களில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மலையடிவாரத்திலிருந்த அதைச் சரிபார்க்க வந்தவர் சர்வேயர் தணிகாசலம்.

முன்பு அங்கே இரண்டு கிராமங்களுக்கு நடுவே ஓடைதான் எல்லை. ஒரு வெள்ளத்தில் ஓடை தடம் மாறியதால் கல் நட்டார்கள். கல்லுக்கு மேற்கே புதிய தாலுகா, கிழக்கே பழையது. கிழக்கில் இருபத்து மூன்று குடிசைகள் இருந்தன. புதிய தாலுகாவில் குடியிருப்போருக்கு மனைப்பட்டா என்று அறிவிப்பு வந்திருந்தது. பழைய தாலுகாவின் பதிவேட்டில் அந்த இடம் மேய்ச்சல் நிலம். குடிசைகளைக் காலி செய்யும்படி கிராம முன்சீப் பரமகுரு இருமுறை எழுதியிருந்தார். மேய்ந்த மாடுகள் அவருடையவை.

எல்லைக்கல்லின் அடியில் ஒரு கூடை கரி கொட்டிப் புதைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கரி மக்காது. யாராவது கல்லை நகர்த்தினாலும் கரி பழைய இடத்தைச் சொல்லிவிடும். தணிகாசலம் கல்லடியில் தோண்டச் சொன்னார். தோண்டியவர் தலையாரி மாசாணம். அவர் வீடும் அந்த இருபத்து மூன்றில் ஒன்று. இரண்டடி தோண்டியும் வெறும் செம்மண்தான் வந்தது.

“மழைத் தண்ணி அரிச்சிருக்கும்,” என்றார் முன்சீப்.

கிழக்குக் கடைசி வீட்டுப் பேச்சி முன்னால் வந்தார். “போன தையில கூரைக்குக் கால் நடக் குழி தோண்டுனேன்யா. ஒரு கூடை கரி கெடந்துச்சு. பழைய அடுப்புன்னு நெனச்சேன். பொடிச்சுத் தெருவுக்கே குடுத்தேன்.”

“எதுக்கு?” என்றார் சர்வேயர்.

“பல்லு வெளக்கத்தான்.”

“மிச்சம் இருக்கா?”

“பல்லைத்தான் காட்டணும். பாக்கீங்களா?”

முன்சீப் சிரித்தார். சர்வேயரும் சிரித்தார். பேச்சி சொன்ன இடத்தில் கல் நின்றால் தெருவே புதிய தாலுகாவுக்குப் போய்விடும்.

“வேணும்னா ஒரு கூடை கரி கொண்டாந்து அங்கனயே போட்டுருதேன். இடம் நெசந்தானய்யா.”

“பொய்ச் சாட்சிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா.”

பதினெட்டு வருடங்களுக்கு முன், மேய்ச்சல் நிலத்தைக் கூட்டிக்கொள்ள முன்சீப்பின் தகப்பனார் சொல்லி, அந்தக் கல்லை மேற்கே பெயர்த்து நட்டவர் மாசாணத்தின் அப்பா. யாரிடமும் சொல்வதில்லை என்று, சாகக் கிடந்த அப்பாவின் கையில் மாசாணம் சத்தியம் செய்திருந்தார். சொன்னால் அப்பாவுக்குத் திருட்டுப் பட்டம். சொல்லாவிட்டால் தெருவே காலி. மாசாணம் மண்வெட்டியைப் பார்த்தபடி நின்றார்.

தாலுகா திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருந்தது. வரைபடம் அச்சுக்குப் போயிருந்தது. தணிகாசலம் எழுதினார்: ‘பேச்சி சொல்வதற்கு ஆதாரம் இல்லை. கல் உள்ள இடமே எல்லை.’

உண்மைக்காகப் பொய்ச் சாட்சி வைக்கத் துணிந்தவர் பேச்சி. சத்தியத்தைக் காத்தவர் மாசாணம். ஆதாரமில்லாததை ஏற்க மறுத்தவர் தணிகாசலம். மூவரில் அதிகம் தலைகுனிய வேண்டியவர் யார்?

விடை: தணிகாசலம். ஆதாரம் அவர் காலடியிலேயே இருந்தது. கல்லடியில் கரி இல்லை என்றால் கல் அங்கே முதலில் நடப்படவில்லை. இரண்டடி ஆழத்துக் கரியை அரித்த தண்ணீர் கல்லை நிற்க விட்டிருக்காது. அந்த வெற்றுக் குழியைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இல்லை. தோண்டியவரிடம் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டும் மாசாணம் சொல்லாதிருந்தால் அது மாசாணத்தின் வெட்கமாகியிருக்கும். 1976 பிப்ரவரி 9 அன்று இருபத்து மூன்று குடிசைகளும் பிரிக்கப்பட்டன. இடத்தை அளக்கச் சங்கிலி பிடித்தவர் தலையாரி மாசாணம்.