இரண்டாவது கரண்டி

"தாயி, என்னால முடியல. கடையைப் பூட்டிட்டு எங்கயாவது போயிரலாம்னு இருக்கு."

மாசிலாமணி சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மலையடிவாரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். நிம்மதியாக உட்கார வேண்டுமென்றால் அவர் இந்த மடத்துக்குத்தான் வரவேண்டும்.

துறவி வெள்ளையம்மை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காவி கட்டிய பிறகும் அவள் கை சும்மா இருக்காது.

"என்ன செய்யுது?"

"அசதி, தாயி. சமையக்காரன் எண்ணெயைக் கொட்டுதானான்னு பார்க்கணும். பரிமாறுதவன் வாரி ஊத்துதானான்னு பார்க்கணும். கண்ணு அசந்தா போச்சு. அப்படியும் சாப்பிட வாற ஆளு கொறஞ்சுக்கிட்டே வருது."

"பார்க்காம விட்டா?"

"நல்லா கேட்டீங்க! மொட்டையடிச்சிருவானுவ."

வெள்ளையம்மை கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"எனக்குப் பசிக்குது. வா, உன் கடையில சாப்பிடுவோம்."

கடையில் மதியக் கூட்டம் ஓய்ந்திருந்தது. மாசிலாமணியின் கால் பழக்கதோஷத்தில் கல்லாப் பக்கம் நடந்தது. அவள் விடவில்லை.

"இங்க உக்காரு. என் பக்கத்துல."

"நானா? நான் அடுக்களையில நின்னுக்கிட்டே ரெண்டு வாய் போட்டுக்கிடுவேன், தாயி."

"இன்னைக்கு உக்காரு."

உட்கார்ந்தார். முதலாளி இலைக்கு முன்னால் இருப்பதைப் பார்த்ததும் பரிமாறுகிற இசக்கிக்கு வேர்த்துவிட்டது. சோறு வைத்தான். சாம்பார் ஊற்றினான். ஆளுக்கு ஒரு கரண்டி கூட்டு. அதற்கு மேல் ஒரு பருப்பு விழவில்லை.

கூட்டு நன்றாக இருந்தது. தன் கடைக் கூட்டு இவ்வளவு ருசி என்பதே மாசிலாமணிக்கு அன்றுதான் தெரிந்தது. மனுஷனுக்கு நல்ல பசி வேறு.

"இன்னும் கொஞ்சம் போடுடே."

இசக்கி கரண்டியில் மொண்டான். உடனே ஊற்றவில்லை. தலையைத் திருப்பிக் கல்லாவைப் பார்த்தான். பிறகுதான் அரைக் கரண்டி இலையில் விழுந்தது.

"அங்க எதுக்குடே பார்க்க? நான்தான் இங்க இருக்கேனே."

"யாரு கேட்டாலும் அங்க பார்த்துட்டுத்தான் போடுவேன், மொதலாளி. பழகிப்போச்சு."

கல்லா நாற்காலி காலியாகக் கிடந்தது.

மாசிலாமணி இலையைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. ஏன்தான் கேட்டோமோ என்றிருந்தது. கூட்டு இன்னும் வேண்டியிருந்தது. ஆனால் மறுபடி கேட்க வாய் வரவில்லை.

வெள்ளையம்மை மோருக்குப் போய்விட்டாள்.

மாசிலாமணி எழுந்து கை கழுவிவிட்டு வந்தார்.

"நீ சாப்பிட்டியாடே?"

"இல்ல, மொதலாளி. எல்லாம் முடிஞ்ச பெறகுதான்."

"உக்காரு. நான் போடுதேன்."

இசக்கி நெளிந்தான். கடைசியில் பெஞ்சின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தான். மாசிலாமணி தானே இலை போட்டு, சோறு வைத்து, ஒரு கரண்டி கூட்டு ஊற்றினார்.

இசக்கி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். கூட்டு தீர்ந்துவிட்டது. அவன் கேட்கவில்லை.

கேட்காமலே மாசிலாமணி இரண்டாவது கரண்டியை மொண்டார். கரண்டி இலைக்கு மேலே போய் நின்றுவிட்டது. அவர் கழுத்து தானாகக் கல்லாப் பக்கம் திரும்பியது.

"அங்க ஆளு இல்ல, மொதலாளி" என்றான் இசக்கி.