மூன்று சுற்று

சந்தியாகுக்கு வயது ஐம்பத்தாறு. ஆஸ்பத்திரி ஏசிக்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பும் சில்லர் வேலையை அவருக்குக் கற்றுத்தந்த பானுவுக்கு முப்பத்தொன்று. "மக வயசுப் பொண்ணுகிட்ட குட்டு வாங்குறீங்களே" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். வாங்கினால் என்ன, வேலை தெரிந்தவரிடம்தானே வாங்குகிறார்.

அந்தச் சித்திரையில் அவர் மனைவி அந்தோணியம்மாள் அதே ஆஸ்பத்திரியின் முதல் மாடியில் கிடந்தாள். இனி மருந்தில்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

"உடம்பெல்லாம் காந்துதுங்க. கொஞ்சம் ஜில்லுனு வைக்கச் சொல்லுங்களேன்" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

மாடிகளுக்குத் தண்ணீரைப் பங்கிடும் வால்வுகள் சந்தியாகு பொறுப்பில் இருந்தன. முதல் மாடி வால்வை யாருக்கும் சொல்லாமல் மூன்று சுற்று கூடுதலாகத் திறந்துவிட்டார். அன்றைக்கு அந்தோணியம்மாள் போர்வை கேட்டு வாங்கி, பல நாளைக்குப் பிறகு கண்ணயர்ந்தாள்.

மறுநாள் மதியம் பானு அவரை ஆறாம் மாடிக்குக் கூட்டிப்போனார். அது தீக்காயப் பிரிவு. கதவுக்கு உள்ளே ஒரு பெண் கட்டுகளோடு புழுங்கிப்போய் முனகிக்கொண்டிருந்தாள்.

"குழாயைத் தொட்டுப் பாருங்கண்ணே."

தொட்டார். குளிர்ச்சியே இல்லை.

"வால்வைத் திறந்துவிடலாமே மேடம்."

"முழுசாத்தான் திறந்திருக்கு."

"அப்புறம் ஏன் தண்ணி வரல?"

கேட்ட பிறகுதான் சந்தியாகுக்கே உறைத்தது. பம்புக்குப் பக்கத்து மாடி அதிகம் இழுத்துக்கொண்டால் கடைசி மாடிக்கு மிஞ்சாது. பானு முதல் நாளே சொல்லித்தந்த பாடம்.

"நான்தான் திறந்தேன்."

"தெரியும்."

"அவளுக்கு ரெண்டு நாளோ மூணு நாளோ. அதுவரைக்கும் விட்டுடக் கூடாதா?"

"உள்ள இருக்கிற பொண்ணுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

இருவரும் இறங்கி வந்தார்கள். சந்தியாகு தானே வால்வைப் பிடித்து மூடினார். இரண்டு சுற்று வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவதில் அழுகை வந்துவிட்டது.

"திரும்பவும் காந்துதுன்னு சொல்லுவா மேடம். நான் வேற என்னதான் செய்ய?"

பானு மூலையில் கிடந்த காலி அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்தார். பிடிக்க வாகாக ஒரு முனையை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"டூட்டிய நான் பாத்துக்கறேன். போய் அவங்க பக்கத்துல உக்காந்து வீசுங்க. எவ்வளவு வேணும்னாலும் வீசுங்கண்ணே, மேல யாருக்கும் குறையாது."