கரடிப் பெரியம்மாவும் சேற்றில் சிக்கிய முள்ளம்பன்றியும்

ஒரு காட்டில் தாய் தகப்பன் இல்லாத குட்டிகளுக்கென்று ஒரு குகை இருந்தது. அழகம்மை என்ற கரடி அங்கேயே தங்கி அவற்றை வளர்த்தது. குட்டிகளுக்கு அது பெரியம்மா.

பாவம், பெரியம்மாவுக்கு எப்போதும் தலை கிறுகிறுப்பு! ஒரு பக்கம் முயல் அழும். மறுபக்கம் நரிக்குட்டி கடிக்கும். அவசரத்தில் முயலுக்கு மீனையும் நீர்நாய்க்குப் புல்லையும் வைத்துவிடும். பிறகு, "ஏன் தின்னவில்லை?" என்று இரண்டையும் திட்டும்.

குளத்தங்கரைக் கொக்கு இதைப் பார்த்தது. "நீ முதலில் உன் மூச்சைக் கவனி. பதற்றம் தானாக அடங்கும்" என்றது.

"அப்படியா!" என்ற கரடி, அன்றே மரத்தடியில் கண்ணை இறுக மூடி உட்கார்ந்தது. குட்டிகள் கூப்பிட்டால், "சும்மா இருங்கள்! நான் அமைதியாக இருப்பது தெரியவில்லையா?" என்று உறுமியது. அமைதியாக இருப்பவர் உறுமுவாரா? கரடிக்கு அது தோன்றவே இல்லை.

அந்த நேரம் பார்த்து, முத்தன் என்ற முள்ளம்பன்றிக் குட்டி குளத்துச் சேற்றில் இறங்கிவிட்டது. வயிறு வரை புதைந்து, "பெரியம்மா!" என்று அலறியது.

கரடி ஓடி வந்தது. "யார் உன்னை இறங்கச் சொன்னது? வா இங்கே!" என்று கத்திக்கொண்டே கையை நீட்டியது. பயத்தில் முத்தனின் முட்கள் சிலிர்த்துக்கொண்டன. கரடியின் உள்ளங்கையில் ரத்தம்! அது இன்னும் கத்தியது. முட்கள் இன்னும் விறைத்தன. குட்டி இன்னும் புதைந்தது.

"ஐயோ கொக்கே! நான் மூச்சைக் கவனிக்கவா, பிள்ளையைக் கவனிக்கவா? ஒன்றுமே புரியவில்லையே!"

"கண்ணை மூடு என்று நான் சொன்னேனா? பிள்ளையைப் பார்த்துக்கொண்டே ஒரு மூச்சு விடேன்!" என்றது கொக்கு.

கரடிக்கு விளங்கியும் விளங்காமலும் இருந்தது. ஆனாலும் முத்தனைப் பார்த்தபடியே மெல்ல மூச்சை இழுத்தது. மெல்ல விட்டது. தன் நெஞ்சு படபடப்பது அப்போதுதான் அதற்குத் தெரிந்தது. இத்தனை நேரம் கோபம் என்று நினைத்தது கோபமே இல்லை, பயம்!

"முத்தா, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, கண்ணு. நான் இங்கேதான் இருக்கிறேன்" என்றது தணிந்த குரலில்.

குட்டி பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தது. விறைத்த முட்கள் மெல்லப் படிந்தன. கரடி அதன் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

பிள்ளைகளின் பயத்தைத் தணிக்க வேண்டியவர், ஒரு மூச்சு நேரம் நின்று தம் பதற்றத்தை முதலில் தணித்துக்கொள்ள வேண்டும்.