மேஸ்திரி டெம்போ ஏறிய வைபவம்

கூழாங்கல்பாளையத்தில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு டெம்போ, ஒரு தங்கச்சி, ஒரு நாய். மூளையும் சேர்த்து ஒன்றுதான் என்று ஊரில் பேச்சு. அது மூவரில் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் ஊருக்குள் ஒற்றுமை இல்லை.

மூத்தவன் நாச்சிமுத்து. எதையும் யோசிக்காமல் செய்ய மாட்டான். அவன் யோசிக்கும்போது மற்றவர்கள் இருமக்கூடக் கூடாது. அடுத்தவன் சென்னியப்பன், டெம்போ ஓட்டித் தேங்காய் ஏற்றுகிறவன். மூன்றாமவன் குழந்தைவேலு. அவனுக்கு எழுதத் தெரியும் என்பதால், யார் எதைச் சொன்னாலும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது அவன் வேலை.

நாயின் பெயர் மேஸ்திரி. யார் வேலை செய்தாலும் பக்கத்தில் நின்று பார்க்கும், தான் ஒன்றும் செய்யாது. அதனால் வந்த பெயர். மேஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டு 'வா, போ' என்பது முறையில்லை என்று வீட்டில் எல்லோரும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார்கள். நாமும் அப்படியே சொல்லிவிடுவோம், எதற்கு வம்பு.

தங்கச்சி தங்காத்தாவுக்குக் கல்யாணமாகி, மூலனூர்ப் பக்கம் போய் மூன்று மாதம் ஆயிற்று. அவள் போன நாளிலிருந்து மேஸ்திரி சரியாகச் சாப்பிடவில்லை. அவர் சாப்பிடாததைப் பார்த்துக் குழந்தைவேலுவும் இரண்டாம் தடவை சோறு கேட்பதை விட்டுவிட்டான். தங்காத்தா தினமும் போன் பண்ணி அழுதாள்.

"மேஸ்திரியைக் கொண்டாந்து விடுங்கண்ணா. அவரைப் பார்க்காம எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

கொண்டுபோய் விடலாம்தான். ஆனால் மேஸ்திரிக்கு வண்டி என்றால் ஆகாது. குட்டியாக இருந்தபோது ஒரு தடவை அவரை டெம்போவில் ஏற்றிப் போனார்கள். குட்டி அழாமல் இருக்கட்டும் என்று சென்னியப்பன் வழி நெடுக ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தான். அன்றிலிருந்து டெம்போவின் சாவியைப் பார்த்தாலே மேஸ்திரி போய்க் கிணற்று மோட்டார் அறைக்குள் ஒளிந்துகொள்வார்.

குழந்தைவேலு நோட்டை எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டரம்மா பொறுமைசாலி.

"அவசரப்படாதீங்க. முதல்ல வண்டியை நிறுத்தி வைங்க. அது நாய்க்கு வீடு மாதிரி தெரியணும். பயம் போனா தானா ஏறும். என்ன சந்தேகம்னாலும் எனக்குப் போன் பண்ணுங்க" என்று நம்பரையும் கொடுத்தார். பாவம், நல்ல மனசு.

வீட்டுக்கு வந்து குழந்தைவேலு நோட்டைப் படித்தான். நாச்சிமுத்து யோசித்தான். இரண்டு பேரும் இருமாமல் நின்றார்கள்.

"வீடு மாதிரின்னா, எந்த வீடு மாதிரி?"

"நம்ம வீடு மாதிரிதான் இருக்கும்ணா. அவருக்கு வேற வீடு தெரியாதே" என்றான் குழந்தைவேலு.

அன்றே வேலை தொடங்கியது. டெம்போவின் பின்பக்கத்துக்கு மூங்கில் தட்டியில் சுவர் வைத்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஓலையில் கூரை போட்டார்கள். வீட்டில் இருந்த காலண்டரை எடுத்து உள்ளே மாட்டினார்கள். அண்டா, அம்மி, அரிசி டிரம் எல்லாம் ஏறின. வீட்டு நம்பர் பலகையையும் கழற்றி டெம்போவில் அடித்துவிட்டார்கள். மறுநாள் தபால்காரர் வீட்டைத் தாண்டிப் போய் டெம்போவில் கடிதம் போட்டார்.

மேஸ்திரி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஏறவில்லை.

"ஏன் ஏற மாட்டேங்கறாரு?" என்றான் சென்னியப்பன்.

குழந்தைவேலுதான் கண்டுபிடித்தான். "அண்ணா, இவரு நம்ம வீட்டுக்குள்ளயும் வரமாட்டாரே! தங்காத்தா அப்படிப் பழக்கி வெச்சிருக்கா. வாசப்படியிலதானே படுத்துக்குவாரு?"

மூவருக்கும் உடம்பு சிலிர்த்தது. வீட்டின் வாசப்படிக் கல்லைப் பெயர்த்து, எட்டு ஆள் பிடித்து, டெம்போவின் பின்பலகை மேல் வைத்தார்கள். ஏறுவதற்குச் சாய்வாக ஒரு பலகையும் போட்டார்கள். சாயங்காலம் மேஸ்திரி வழக்கம்போல் படுக்க வந்தார். வீட்டில் படியைக் காணோம். சுற்றுமுற்றும் பார்த்தார். பலகையில் ஏறி, டெம்போவில் இருந்த கல்லின் மேல் சுருண்டு படுத்துக்கொண்டார்.

குழந்தைவேலுவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான்.

"மேஸ்திரி ஏறிட்டாருங்க!"

"யாரு? ஓ, நாயா! சந்தோஷம். இனிமே இன்ஜினைப் போட்டுப் பழக்குங்க. ஆனா வண்டி ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது."

ஓர் அங்குலம் என்ற சொல் நாச்சிமுத்துவை மிகவும் பாதித்தது. "இது விளையாட்டுக் காரியமில்லடா" என்றான். நான்கு குழி வெட்டி நான்கு சக்கரத்தையும் பாதி வரை புதைத்து, மண்ணைத் தள்ளித் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தினார்கள். முன்பக்கம் புளியமரத்தில் ஒரு வடம், பின்பக்கம் மின்கம்பத்தில் ஒரு வடம். சென்னியப்பன் இன்ஜினைப் போட்டான். நிறுத்தச் சொல்லி டாக்டரம்மா சொல்லவில்லை என்பதால் டீசல் தீரும்வரை ஓட விட்டார்கள். முதல் ஐந்து நிமிடம் மேஸ்திரி காதைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அந்த உறுமலில் சொக்கித் தூங்கிப்போனார். ஊரில்தான் ஒருவரும் தூங்கவில்லை.

சக்கரத்தைத் தோண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. மறுபடி போன்.

"நல்லது. இப்போ ஒரு பத்தடி ஓட்டிப் பாருங்க" என்றார் டாக்டரம்மா.

சென்னியப்பன் டேப் பிடித்து வண்டியை அளந்தான். முகம் மாறியது. "அண்ணா, வண்டியே பன்னெண்டடி நீளம் இருக்குது. பத்தடி போனா, வண்டியோட பின்னால ரெண்டடி பழைய இடத்துலயேதான் நிக்கும். மேஸ்திரி படுத்திருக்கறது பின்னாலதான். அப்ப அவரு போனாரா, போகலையா?"

நாச்சிமுத்து ஒரு மணி நேரம் யோசித்தான்.

"முன்னால இருக்கற உனக்குப் பயணம். பின்னால இருக்கற அவருக்கு ஓய்வு. அதுக்குத்தான் டாக்டரம்மா பத்தடின்னு கணக்காச் சொல்லியிருக்காங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்."

பத்தடி நல்லபடியாக முடிந்தது. குழந்தைவேலு மறுபடி போன் பண்ணினான். டாக்டரம்மா, வேறு யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டே, வேகமாகச் சொன்னார். அவனும் வேகமாக எழுதினான்.

"தினமும் தூரத்தைக் கூட்டுங்க. வெறும் வயித்தோட போகணும், இல்லாட்டி வாந்தி வரும். சிரிச்ச முகமா இருங்க. நீங்க பதறினா அதுவும் பதறும். எவ்வளவு தூரம் போனாலும் நடுவுல இறக்காம, திருப்பி வீட்டுக்கே கொண்டாந்துடுங்க. அப்பத்தான் வண்டி ஏறினா வீடு வரும்னு நம்பிக்கை வரும்."

யாருடைய வயிறு என்று நோட்டில் இல்லை. ஆகவே நான்கு பேரும் வெறும் வயிற்றோடு கிளம்பினார்கள். தெருமுனை வரை ஒரு நாள், கோயில் வரை ஒரு நாள். முகம் மட்டும் சிரிப்பு மாறாமல் இருந்தது. மூன்றாம் நாள் எதிரில் ஒரு பிண ஊர்வலம் வந்தது. சென்னியப்பன் முன்னால் சிரித்தான். பக்கத்தில் நாச்சிமுத்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ஓலை வீட்டு வாசலில் உட்கார்ந்து குழந்தைவேலு கையாட்டிச் சிரித்தான். பறை அடித்தவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுக் குச்சியோடு துரத்தினார்கள். டெம்போ பறந்தது. மேஸ்திரி காற்றில் காது படபடக்க, நாக்கைத் தொங்கவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக வண்டியில் வாலை ஆட்டினார்.

"பயம் போயிருச்சுண்ணா!" என்று குழந்தைவேலு கத்தினான்.

"அப்ப வெள்ளிக்கிழமை மூலனூர்" என்றான் நாச்சிமுத்து.

வெள்ளிக்கிழமை காலையில் தங்காத்தாவுக்குத் தகவல் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள். எழுபது கிலோமீட்டர். வழியில் ஓர் ஊரில் குடியிருக்க வீடு கிடைக்குமா என்று ஒருவர் டெம்போவை நிறுத்தி வாடகை விசாரித்தார்; மற்றபடி தடங்கல் இல்லை.

தங்காத்தா நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். தெரு திரும்பும்போதே வாசனை வந்தது. குழந்தைவேலுவின் வெறும் வயிறு உருண்டது. வாசலில் அவள் கையில் கரண்டியோடு நின்று, "மேஸ்திரி! அண்ணா!" என்று குதித்தாள். மேஸ்திரி ஊளையிட்டு வாலால் அரிசி டிரம்மைத் தட்டினார்.

டெம்போ வாசல் வரை வந்தது. வளைந்தது. திரும்பியது. வந்த வழியே போகத் தொடங்கியது.

"அண்ணா! எங்க போறீங்க? நிறுத்துங்க!" தங்காத்தா கரண்டியோடு பின்னாலேயே ஓடி வந்தாள்.

குழந்தைவேலு நோட்டைத் தூக்கிக் காட்டினான். "இறக்கக் கூடாதாமா கண்ணு! திருப்பி வீட்டுக்கே கொண்டு போயிடணுமாம்! டாக்டரம்மா சொன்னது!"

தங்காத்தாவும் அதே வீட்டில் பிறந்தவள்தானே. "டாக்டரம்மா சொன்னாச் சரிதான்!" என்று சொல்லி, பலகையைப் பிடித்து ஒரே தாவலில் ஏறிக்கொண்டாள். மேஸ்திரி அவள் மடியில் விழுந்து முகத்தை நக்கினார். எழுபது கிலோமீட்டரும் ஒரே கொண்டாட்டம். கரண்டியில் ஒட்டியிருந்த குழம்பைக் குழந்தைவேலு கரூர் ரோடு வரை நக்கிக்கொண்டு வந்தான்.

அவர்கள் வீடு வந்து சேர்ந்து ஒரு மணி நேரத்தில் மாப்பிள்ளை சிவமலை பஸ் பிடித்து வந்து இறங்கினார். அடுப்பு எரிகிறது, குழம்பு கொதிக்கிறது, பெண்டாட்டியைக் காணோம் என்றால் எந்த மனுஷனுக்கும் கோபம் வரும். ஒரு காலில் அவர் செருப்பு, மறு காலில் தங்காத்தா செருப்பு. வாசலில் நின்று ஊர் கூடும்படி கத்தினார்.

நாச்சிமுத்து கைகட்டி நின்றான். "கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. ஏறுங்க, உங்க எல்லாரையும் டெம்போவிலயே கொண்டு விடறோம்."

"உங்க டெம்போவிலயா? செத்தாலும் ஏற மாட்டேன்!" என்று சிவமலை நான்கடி பின்னால் போனார்.

அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூவர் மனசும் இளகிவிட்டது. குழந்தைவேலு மெதுவாக ஒதுங்கிப் போய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான்.

"டாக்டரம்மா, நம்ம மேஸ்திரி மாதிரியே இன்னொருத்தர் வந்திருக்காருங்க. வண்டியைப் பார்த்தாலே பின்னால போறாரு."

"அட, இன்னொண்ணு வேறயா? கடிக்குதா?"

குழந்தைவேலு எட்டிப் பார்த்தான். "இதுவரைக்கும் இல்லீங்க. சத்தம்தான் ஊரைக் கூட்டுது."

"கட்டிப் போட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க. தங்காத்தாதான் பிடிச்சுட்டு நிக்கறா."

"எடை எவ்வளவு இருக்கும்?"

"எழுபத்தஞ்சு கிலோ இருக்குங்க."

"எழுபத்தஞ்சா! வயசு என்ன?"

"முப்பத்திரண்டுங்க."

"மாசமா?"

"வருஷங்க."

"முப்பத்திரண்டு வருஷமா? அவ்வளவு நாளெல்லாம் உசுரோடவே இருக்காதேப்பா!"

குழந்தைவேலு பதறிப்போய்ப் போனைக் கையால் பொத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"மெதுவாப் பேசுங்க டாக்டரம்மா, அவரு காதுல விழுந்துரப் போகுது. பாவம், கல்யாணமாகி மூணு மாசந்தான் ஆச்சு."