கேசரி நிற எறும்புகள்

இது நான் நேரில் பார்த்ததில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஜெசிந்தா சொன்னது.

திண்டிவனத்தில் ஒரு மாடி வீட்டில் குணவதி வாடகைக்கு இருந்தாள். மெஸ்ஸில் சமையல் வேலை. மகளுக்குப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்ததால் வீடு மாற வழியில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் தணிகாசலத்தின் காபியில் எறும்பு மிதந்தது. தெருவே கூடும்படி கத்தினார்.

“ஏம்மா, எல்லாம் உன் அடுப்படியிலேர்ந்துதான் வருது. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணுகூட இருக்கக்கூடாது. மருந்தும் அடிக்கக்கூடாது. பிள்ளையார் எறும்பு, கொன்னா பாவம். முடியலைன்னா காலி பண்ணு.”

“கொல்லலை சார், அதுங்க வீட்டுலயே விட்டுடறேன். எந்த வீட்டுல குடியிருக்குதோ அவங்கதானே பொறுப்பு?”

“அதுல என்ன சந்தேகம்?” என்றார் எல்லோர் முன்னாலும்.

குணவதி ரவையில் சர்க்கரைத் தண்ணீரும் கேசரிப் பவுடரும் பிசறிப் படிக்கட்டில் வைத்தாள். எறும்புகள் ஆளுக்கொரு ஆரஞ்சுப் பொட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பின. கூடியிருந்த தெரு ஜனமும் பின்னாலேயே நடந்தது. வரிசை மாடிக்கு ஏறவில்லை. கீழே இறங்கி, தணிகாசலத்தின் பூஜையறை நிலை விரிசலுக்குள் நுழைந்தது.

“உங்க வீட்டு ஆளுங்க சார். என் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்குதுங்க. இப்ப யாரு காலி பண்ணணும்?”

தெரு சிரித்தது. காலி பண்ணும் பேச்சு அதோடு நின்றது.

நம்பமுடியாமல் நானும் என் வாடகை அறையில் அதே ரவையை வைத்துப் பார்த்தேன். எறும்புகள் தூக்கிக்கொண்டு போவது உண்மைதான். ஆனால் வரிசை வீட்டுக்காரர் பக்கம் போகவில்லை. என் கட்டிலுக்கு அடியில் போயிற்று.