ஒன்பது பேரை எண்ணாமல் விடுக

தவமணிக்கு வயது நாற்பத்தெட்டு. அரசு அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை. பட்டம் இல்லாததால் பதவி உயர்வும் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்லூரிக்கு வந்து, தன் மகன் வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பொறியியல் படித்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே கல்லூரியில் பாதியில் விட்ட படிப்புதான். இது கடைசி வாய்ப்பு. இதிலும் கோட்டை விட்டால் ஆயுசுக்கும் அதே மேசைதான்.

கணினிப் பாடம் எடுத்த மெஹருன்னிசா மேடத்துக்கு வயது முப்பத்தொன்று. அதட்டவே மாட்டார். ஏதாவது கேட்டால் பதில் சொல்லாமல் எதையாவது எடுத்துக் காட்டுவார். தவமணிக்கு அதுதான் பயம்.

அந்த வாரம் வீட்டுப்பாடம் ஒரே ஒரு கணக்கு. கல்லூரியின் பயிற்சி ஏட்டில் முப்பது வருஷமாக இருப்பது. கணினி ஆய்வகத்துக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு பாறை ஓடை. அதன் மேல் இரும்பு நடைபாலம். பாலத்தின் நீளம், இரும்பின் கனம், ஆளுக்கு அறுபது கிலோ எடை, எல்லாம் ஏட்டில் கொடுத்திருந்தது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம்? புரோகிராம் எழுதிக் கண்டுபிடிக்க வேண்டும்.

தவமணி ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதினார். முப்பத்துநான்கு என்று வந்தது. ஏட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். விடை, நாற்பத்துமூன்று.

அழித்தார். மறுபடி எழுதினார். மறுபடியும் முப்பத்துநான்கு. காலையிலிருந்து மத்தியானம் வரை இதே கூத்து. கடைசியில் மனுஷனுக்குப் பொறுமை போய்விட்டது. வந்த எண்ணை ஒன்று புள்ளி இரண்டு ஆறு ஐந்தால் பெருக்கு என்று கீழே ஒரு வரி சேர்த்தார். திரையில் நாற்பத்துமூன்று வந்து நின்றது. அப்பாடா!

அந்த நேரம் பார்த்து வெளியே பாலம் கிறீச்சென்று முனகியது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பாலத்தில் ஒரு ஆள் இல்லை. காற்றும் இல்லை.

"விடை வந்துடுச்சு மேடம்," என்றார், குரலை உயர்த்தி.

மேடம் வந்து திரையைப் பார்த்தார். "கடைசி வரி எதுக்கு சார்?"

"அது... விடை வர்றதுக்கு."

மேடம் திரும்பி நடந்தார். சுவரோரம் இருந்த இரும்பு பீரோவைத் திறந்தார். உள்ளே கட்டுக்கட்டாகப் பழைய வீட்டுப்பாடத் தாள்கள்.

"எல்லாம் இதே கணக்குதான். முப்பது வருஷத்துது. பாருங்க."

தவமணி புரட்டினார். ஒருவன் இரும்பின் கனத்தை ரெண்டு மில்லிமீட்டர் கூட்டியிருந்தான். இன்னொரு படுபாவி பாலத்தையே மூன்று மீட்டர் குட்டையாக்கியிருந்தான். எல்லாருக்கும் கடைசியில் நாற்பத்துமூன்று. எல்லாத் தாளிலும் சிவப்பு மையில் 'சரி'. தவமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த தாளில் சிரிப்பு நின்றது. அது அவருடைய கையெழுத்து. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தையது. அறுபது கிலோ ஆட்களை நாற்பத்தேழரைக் கிலோ ஆக்கியிருந்தார். எழுதிய ஞாபகமே இல்லை.

அதற்கும் கீழே பேர் போடாத ஒரு தாள். முத்து முத்தான எழுத்து. "நாற்பத்துமூன்று பேர் நிற்கலாம். ஒன்பது பேரை எண்ணாமல் விடுக." அதற்கும் 'சரி' போட்டிருந்தது.

"எந்த ஒன்பது பேர் மேடம்?"

"எனக்கும் தெரியல சார்."

தவமணி கட்டுகளை மறுபடி புரட்டினார். "ஒருத்தர்கூடவா முப்பத்திநாலுன்னு எழுதல?"

"எழுதியிருப்பாங்க. தப்புன்னு அடிச்ச தாளை யாரு சார் எடுத்து வைப்பா?"

"அப்போ ஏட்டுல அச்சுப்பிழை. மூணும் நாலும் இடம் மாறிப்போச்சு. ஆபீஸ்ல சொல்லலையா?"

"சொன்னேன். ஆயிரத்தைந்நூறு பேர் போட்டுப் பார்த்து நாப்பத்திமூணுன்னு நிரூபிச்சிருக்காங்க, உங்களுக்கு மட்டும் எப்படிம்மா வேற வருதுன்னு கேட்டாங்க. பாலத்துல நாப்பத்திமூணு பேர்னு போர்டு எழுதினதும் இந்த ஏட்டைப் பார்த்துத்தான்."

தவமணி ஏட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் எதை எழுதறது மேடம்? மார்க் போடறது நீங்க இல்ல. துறைத்தலைவர் கடைசிப் பக்கத்தை வெச்சு ஒத்துப் பார்ப்பார். முப்பத்திநாலு எழுதினா முட்டைதான். பரீட்சைக்கே உட்கார விடமாட்டாங்க. என் பொழப்பு இதுல இருக்கு."

மேடம் ஜன்னலைப் பார்த்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"நாலு மணிக்குப் பட்டறை வகுப்பு விடும் சார். அந்தப் பக்கம் போய்ப் பாலத்து வாசல்ல நில்லுங்க. முப்பத்திநாலு பேரை மட்டும் விடுங்க. வந்து எழுதிக்கலாம்."

தவமணி தனியாகப் பாலத்தைக் கடந்தார். ஒவ்வொரு தகடும் காலடியில் அதிர்ந்தது. தன் எடை எழுபத்திரண்டு கிலோ என்கிற நினைப்பு வேண்டாத நேரத்தில் வந்தது.

மணி அடித்தது. மழையும் பிடித்துக்கொண்டது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு பிள்ளைகள் விழுந்தடித்து ஓடி வந்தார்கள். போர்டை யார் பார்த்தார்கள்! தவமணி வாய்விட்டு எண்ணினார். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு. சட்டென்று இரண்டு கையையும் குறுக்கே நீட்டினார்.

பாலம் நடுவில் கொஞ்சம் தாழ்ந்தது. நீளமாக ஒரு முனகல். மத்தியானம் ஆளில்லாதபோது கேட்ட அதே சத்தம். பாலத்தில் போனவர்கள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

கைக்கு இந்தப் பக்கம் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். எண்ணினார். நம்பாமல் மறுபடி எண்ணினார். ஒன்பது பேர்.

"இடம் இருக்கே அங்கிள்! போர்டுல நாப்பத்திமூணுன்னு போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?" என்று ஒரு பெண் கத்தினாள்.

"நில்லும்மா," என்றார் தவமணி. பாலத்தில் ஒருத்தர்கூட இல்லாமல் போகும்வரை கையை எடுக்கவில்லை. அந்த ஒன்பது முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சொட்டச் சொட்ட ஆய்வகத்துக்குத் திரும்பினார். திரையில் நாற்பத்துமூன்று அப்படியே இருந்தது. மேடம் பீரோவைப் பூட்டிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை மேசைமேல் வைத்திருந்தார்.

"ஒன்பது பேர் மேடம். கரெக்டா ஒன்பது பேர்."

"நனைஞ்சாங்களா?"

"நல்லா நனைஞ்சாங்க. பஸ்ஸும் போயிடுச்சு. என்னை வாய்க்கு வந்தபடி திட்டிட்டே போனாங்க."

மேடம் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

"திட்டறதுக்கு ஆள் இருக்காங்கல்ல சார். எழுதுங்க."